மேடையேறிய குரல்: மீனாட்சி அம்மையாரின் பாடற்பணி பற்றி ஒரு மதிப்பீடு

கவிதை என்றால் எழுதப்படுவது என்றே நம்மிற் பெரும்பாலோர் எண்ணிப் பழகிவிட்டோம். அச்சேறியது இலக்கியம், அச்சேறாதது வாய்மொழி வழக்கு, அல்லது பிரசாரம், அல்லது வெறும் பாட்டு. இந்தப் பாகுபாடு எங்கிருந்து வந்தது, இதனாற் பயனடைந்தோர் யார், மறைக்கப்பட்டோர் யார் என்ற வினாக்களை நமது திறனாய்வாளர்கள் அதிகம் எழுப்புவதில்லை. அண்மைக் காலமாக மேனாடுகளிலும் இந்தியப் பெருநகரங்களிலும் இளம் பெண்கள் மேடையேறித் தம் கவிதையைத் தாமே உரத்துச் சொல்லும் வழக்கம் பரவி வருகிறது. அதனை 'ஸ்போக்கன் வேர்ட்' என்று அழைத்துப் புத்தம் புதிய கலையெனப் போற்றுவோரும் உளர்; அது கலையே அன்று என ஒதுக்குவோரும் உளர். இரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். தமிழிலே, அதுவும் நம் இலங்கையிலே, தொண்ணூறு ஆண்டுகள் அளவில் முன்னரே ஒரு பெண், தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் எழுந்து நின்று, தாம் கட்டிய பாட்டைத் தாமே பாடினார். அவர்தாம் மீனாட்சி அம்மையார்.

நமது வரலாறு அவரை முற்றாக மறந்துவிட்டது என்று கூறுவது நேர்மையாகாது. தொழிலாளர் இயக்க வரலாற்றையும் பெண்கள் இயக்க வரலாற்றையும் ஆராய்ந்த குமாரி ஜயவர்த்தனா அவர் பணியைக் கவனித்தார். மலையகத்தின் பழைய ஏடுகளைத் தேடித் தொகுத்த சாரல் நாடன் அவரை வாசகர் முன் கொணர்ந்தார். ஆயினும் இவை வரலாற்றாசிரியர் ஆற்றிய பணி. இலக்கியத் திறனாய்வோ அவரைப் பெரும்பாலும் 'கோ. நடேசய்யரின் துணைவியார்' என்ற அடைமொழியோடு கடந்து சென்றுவிடுகிறது. அவர் கவிஞரா, அவரது பாடல் எவ்வாறு தொழிற்பட்டது, அதன் வலிமை எது, குறை எது என்று இலக்கிய மாணவர் கேட்கவேண்டிய கேள்விகள் இன்னும் முழுமையாகக் கேட்கப்படவில்லை. அவற்றைக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிற் களத்தை அறிந்துகொள்வோம். தஞ்சாவூரிலிருந்து இலங்கைக்கு வந்த நடேசய்யர் 1924ஆம் ஆண்டில் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார், 1925இல் சட்டநிரூபண சபை உறுப்பினரானார், 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார், 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவு செய்யப்பட்டார், 1947இல் மறைந்தார். இந்தப் பணிகள் பலவற்றில் மீனாட்சி அம்மையார் கைகொடுத்தார். பத்திரிகைப் பணியிற் பங்கெடுத்தார்; பெண்களின் உரிமை குறித்துத் 'தேசபக்தன்' ஏட்டில் எழுதினார்; சங்கத்தின் கூட்டங்களிலே பாடினார்.

அந்தக் கூட்டங்கள் எத்தகைய சூழலில் நடந்தன? தோட்டம் அந்நாளில் வேலியிடப்பட்ட தனி இராச்சியம். துரையின் அனுமதியின்றி வெளியார் நுழைந்தால் அத்துமீறற் குற்றம். புடைவை வியாபாரியைப் போல வேடமிட்டு நடேசய்யர் தோட்டங்களுக்குட் சென்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. உள்ளே இருந்தவர்களில் எழுத்தறிந்தோர் மிகச் சிலர். பெண்களிலோ அதனினும் சிலர். விடியுமுன் தப்புச் சத்தம் கேட்டுப் பெரட்டுக் களத்திற்கு ஓட வேண்டும். பகலெல்லாம் மலையிற் கொழுந்து பறிக்க வேண்டும். நிறை குறைந்தால் அரைப்பேர். பொழுது சாய்ந்து லயத்துக்குத் திரும்பினால் அடுப்பு, தண்ணீர், பிள்ளை. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின் கீழ் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். தேயிலைத் தொழிலின் உயிர்நாடியான கொழுந்து பறிக்கும் வேலையைச் செய்தவள் பெண். ஆனால் சட்டமே அவள் உழைப்பை 11 சதம் குறைத்து மதிப்பிட்டது. அந்தக் குறைந்த கூலியையும் பல இடங்களிற் கணவனோ தகப்பனோதான் கைநீட்டி வாங்கினான்.

இத்தகைய மக்களிடம் செய்தியை எவ்வாறு கொண்டு செல்வது? பத்திரிகை அச்சடித்தால் வாசிக்க ஆளில்லை. மேடையிற் பேசலாம், ஆனால் நாள் முழுதும் மலையேறி இறங்கிக் களைத்த உடலோடு வந்திருப்பவருக்கு நீண்ட பேச்சு விளங்கினாலும் நினைவில் நிற்பது அரிது. பாட்டோ கேட்டவர் வாயிலேறி அவருடனே லயத்திற்கும் மலைக்கும் போகும். துரை தடுக்க முடியாத சரக்கு அது. மீனாட்சி அம்மையார் இதனை நன்குணர்ந்தார். பாரதியின் பாடல்களைக் கூட்டங்களிற் பாடினார். பின்னர், மக்கள் செவிக்கு ஏற்கெனவே பழகிய மெட்டுகளிலே தாமே பாடல்களைக் கட்டிப் பாடினார். அவற்றைத் தொகுத்து 1940ஆம் ஆண்டில் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் நூலாகவும் வெளியிட்டார்.

அந்த ஆண்டு எத்தகைய ஆண்டு என்பதையும் நோக்குதல் வேண்டும். 1937இல் கிராமக் குழுத் தேர்தல்களில் தோட்டத் தொழிலாளருக்கு வாக்கு மறுக்கப்பட்டது. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு உழைத்த இந்தியரை நீக்கும் நடவடிக்கை தொடங்கியது. அவ்வாண்டிலேயே நேரு இலங்கைக்கு வந்தார். இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். நாட்டைத் தம் உழைப்பால் வளமாக்கியோர் அந்நாட்டுக்கு வேண்டாதோர் ஆக்கப்பட்ட காலம் அது. இந்த நெருக்கடியிலே பிறந்தவை அப்பாடல்கள். ஓய்ந்திருந்து அழகை இரசித்த உள்ளத்தில் அவை பிறக்கவில்லை. அவ்வாறு பிறந்திருக்கவும் முடியாது.

இங்கேதான் திறனாய்வாளனுக்கு ஒரு சோதனை வருகிறது. அந்நூலை வெறும் நூலாக மட்டும் பார்ப்பவர் என்ன காண்பார்? தலைப்பே 'இந்தியர்களது' என்று பொதுப்பெயர் கூறுகிறது. ஒரு சமூகத்தின் குறைகளை எடுத்துரைக்கும் விண்ணப்பம் போலத் தோன்றுகிறது. 'இதிற் பெண்ணியம் எங்கே? பெண்ணின் தனித் துயரைத் தலைப்பிலே காணோமே!' என்று அவர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் விடை தாளில் இல்லை, மேடையில் இருக்கிறது. பாடலின் சொற்கள் 'இந்தியர்' என்றன. அதைப் பாடிய குரலோ 'பெண்' என்றது. ஆண்கள் நிறைந்த கூட்டத்திலே, துரையின் ஒற்றர் காது கொடுத்து நிற்கக்கூடிய இடத்திலே, ஒரு பெண் எழுந்து நின்று அமைச்சரையும் அரசையும் கேள்வி கேட்டார் என்றால், அந்த நிகழ்ச்சியே கவிதையின் பாதிப் பொருள். கூட்டத்தின் ஓரத்திலே பிள்ளையை இடுப்பில் வைத்து நின்ற கொழுந்துக்காரி, பாட்டின் சொற்களோடு வேறொன்றையும் கேட்டிருப்பாள்: பெண்ணொருத்தி பலர் நடுவே வாய்திறக்கலாம் என்ற செய்தியை.

உரைக்கப்படும் கவிதைக்கும் எழுதப்படும் கவிதைக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே என்பது எமது துணிபு. எழுதிய கவிதையிற் கவிஞர் தாளுக்குப் பின்னே மறைந்து நிற்கலாம். உரைக்கும் கவிதையிலோ சொல்பவர் யார், எங்கே நின்று சொல்கிறார், யாரை நோக்கிச் சொல்கிறார், சொல்வதனால் அவருக்கு என்ன நேரக்கூடும் என்பனவெல்லாம் கவிதையின் உறுப்புகள் ஆகிவிடுகின்றன. சீரும் தளையும் எண்ணிக் கவிதையை அளப்பவர் இவ்வுறுப்புகளை அளக்கக் கோலின்றித் தவிக்கின்றனர். தவிப்பை மறைக்க, 'இது இலக்கியம் அன்று' என்று தீர்ப்பும் கூறிவிடுகின்றனர்.

மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்க வேண்டிய செய்தி. நமது பிரதேசத்திலே குடிவழி தாய்வழியாக எண்ணப்படுகிறது; வீடும் வளவும் பெரும்பாலும் பெண்ணுக்கே சீதனமாகச் செல்கின்றன. இதைக் கண்டு, 'மட்டக்களப்பிற் பெண்ணுக்கு என்ன குறை?' என்று வியப்போர் உண்டு. ஆனால் நமது கூத்துக் களரியை நினைத்துப் பாருங்கள். வடமோடியாயினும் தென்மோடியாயினும், மரபுவழிக் களரியிற் பெண்வேடம் கட்டியவனும் ஆணே. திரௌபதி அழுதாலும் அல்லி சினந்தாலும் அது ஆண்குரலில் எழுந்த அழுகை, ஆண்குரலில் எழுந்த சினம். பெண்ணுக்கு வளவு இருந்தது, களரி இருக்கவில்லை. அவள் குரல் தாலாட்டிலும் ஊஞ்சற் பாட்டிலும் ஒப்பாரியிலும் குரவையிலும் ஒலித்தது. ஊர் கூடிய இடத்தில் ஒரு வழக்கை எடுத்துரைக்கும் உரிமையோடு ஒலிக்கவில்லை. பொதுமேடை என்பது பெண்ணுக்கு எத்தனை தொலைவில் இருந்தது என்பதைக் கிரானிலிருந்து பார்த்தாலே அட்டன் மேடையில் நின்ற அந்தக் குரலின் பெறுமதி தெரியும்.

அம்மையாரின் பெண்ணுரிமைக் கொள்கை அவர் பாடிய மேடையோடு முடிந்துவிடவில்லை. 1927ஆம் ஆண்டின் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது பெண்கள் வாக்குரிமைச் சங்கம் கொழும்பில் தோன்றியது. அதில் முன்னின்றோர் பெரும்பாலும் வசதி படைத்த, ஆங்கிலம் கற்ற பெண்கள். ஆணைக்குழுவின் முன் அவர்கள் தோன்றியபோது, தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என்று டொனமூர் பிரபு வினவினார் என்றும், அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற கருத்தில் அக்னஸ் டி சில்வா விடையளித்தார் என்றும் அறிகிறோம். அந்த விடை போற்றத்தக்கது. எனினும் தோட்டத்துப் பெண் அங்கே பேசப்படும் பொருளாக இருந்தாளேயன்றிப் பேசுபவளாக இருக்கவில்லை. தமிழிலே, தொழிலாளர் கையிற் சேரும் ஒரு பத்திரிகையிலே, பெண்ணுக்கு வாக்குரிமை வேண்டும் என்று மீனாட்சி அம்மையார் எழுதியதன் முக்கியத்துவம் இங்கேதான் புலப்படும். கொழும்பு மண்டபத்தில் ஆங்கிலத்தில் நடந்த விவாதத்தை அவர் தமிழுக்கும் மலைக்கும் இழுத்து வந்தார். 1931இல் 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்தது. தோட்டத் தொழிலாளர்க்கோ நிரந்தரக் குடியிருப்பை நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனை தடைக்கல்லாய்க் கிடந்தது.

இனி, அம்மையாரின் பாடல்கள் மீது சாட்டப்படக்கூடிய குற்றங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

'இவை பிரசாரப் பாடல்கள். ஆகவே நிலைபேறற்றவை' என்பது முதலாவது. பிரசாரம் என்பதாலேயே ஒரு பாடல் தாழ்ந்துவிடுமாயின் மன்னனின் கொடையைப் புகழ்ந்த பழம் பாடல்களை என்ன செய்வது? அரசனைப் புகழ்ந்தால் அது பாடாண் திணை; தொழிலாளியின் கூலியைக் கேட்டால் அது பிரசாரமோ? பேராசிரியர் கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆங்கில ஆய்விலே, சங்கப் பாடல்கள் வாய்மொழி மரபிற் பிறந்தவை, பாணரும் பொருநரும் விறலியரும் இயங்கிய உலகைச் சேர்ந்தவை என்று விரிவாக எடுத்துக் காட்டினார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட வாய்மொழியைச் செம்மொழி என்று தலைமேற் கொள்ளும் நாம், 1940ஆம் ஆண்டின் வாய்மொழியை மட்டும் வாயிலில் நிறுத்துவது எந்த நியாயம்?

மெட்டு இரவல் என்பது இரண்டாவது குற்றச்சாட்டு. இதிற் பாதி உண்மையுண்டு. அதை ஒளிக்க வேண்டியதில்லை. பழகிய மெட்டு பாடலை விரைவிற் பரப்பும். ஆனால் மெட்டின் வாழ்நாளே பாடலின் வாழ்நாளும் ஆகிவிடும் ஆபத்தும் உண்டு. மக்கள் வாயிலிருந்து மெட்டு மறைந்தபின், தாளில் எஞ்சிய வரிகள் உயிர்ப்பில் ஒரு பகுதியை இழந்து நிற்கின்றன. இன்னும் ஒன்று: அன்றைய சட்டத்தையும் அன்றைய அமைச்சரையும் குறித்துப் பாடிய பாடலுக்கு நாளை விளக்கவுரை தேவைப்படும். பாரதியிடம் நாம் காணும் படிமச் செழுமையை இத்தகைய பாடல்களில் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் எந்த உருவமும் அது ஆற்ற வந்த பணியை நோக்கியே மதிக்கப்பட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் ஒரே முறை கேட்டு மறுநாட் காலையில் திருப்பிப் பாட வேண்டும் என்பது இப்பாடல்களுக்கு விதிக்கப்பட்ட யாப்பு. வெண்பாவின் யாப்பினும் அது எளிதன்று.

மூன்றாவது குற்றச்சாட்டு கனமானது. முற்போக்காளர் என்று கூறிக்கொள்ளும் நாமே அதை எழுப்ப வேண்டும். தோட்டத் தொழிலாளரிற் பெரும்பகுதியினர் தமிழகத்தின் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தோர். தஞ்சாவூர்ப் பிராமணக் குடும்பத்தைச் சேர்ந்த, கல்வி பெற்ற ஒருவர் அவர்களுக்காகப் பாடுவது எத்தகைய உறவு? மேடையில் ஒருவர் பாட, கீழே ஆயிரவர் கேட்டிருந்தால், ஊமைத்தனம் நீங்கிவிட்டதா, அல்லது ஊமைக்கு ஒரு பேச்சாளர் கிடைத்தாரா? கொழுந்துக்காரியிடம் சொந்தப் பாட்டு இல்லாமற் போகவில்லை. கங்காணியை ஏசியும், வந்த வழியை நினைந்தும், மலையிலே அவள் பாடிய பாடல்கள் பல, சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அவற்றைத் தேடித் தொகுத்தனர். மீனாட்சி அம்மையாரின் குரல் அந்தக் குரலுக்கு மாற்றாகிவிட முடியாது.

இதனை ஏற்றுக்கொண்டே ஒன்று கூறுவோம். பேச்சாளர் பேசி முடித்ததும் பேச்சு அவருடனேயே போய்விடும். பாட்டு அவ்வாறன்று, அது கேட்டவர் உடைமையாகிவிடும். பிறர் பாடுவதற்கென்றே கட்டப்பட்ட பாட்டு, கட்டியவரின் சாதியையும் கல்வியையும் கடந்து, பாடுபவளின் வாயில் அவளுடையதாக மாறுகிறது. மலையிற் பாடிய பாட்டு லயத்தின் துயரைத் தோழிக்குச் சொன்னது. மேடைப்பாட்டு அதே துயருக்குப் பெயரிட்டு, அதற்குப் பொறுப்பானவரைச் சுட்டி, பலர் சேர்ந்து பாடும் வழக்காக மாற்றியது. புலம்பலிலிருந்து வழக்குரைத்தலுக்குச் செல்லும் அந்த ஒரு படியைத்தான் அம்மையார் வெட்டித் தந்தார். ஏறிச் செல்லும் உரிமை கேட்டவர்களுடையது.

உலக வரலாற்றில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. அமெரிக்காவிலே அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற சோஜர்னர் ட்ரூத் என்னும் கறுப்பினப் பெண் எழுதப் படிக்கத் தெரியாதவர். 1851இல் ஒஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில் அவர் ஆற்றிய உரை இன்று உலகப் புகழ் பெற்றது. ஆனால் அவ்வுரை நமக்குக் கிடைத்திருப்பது பிறர் எழுதிய வடிவங்களிலேதான். அவ்வாண்டிலேயே ஒரு பத்திரிகையாளர் அச்சிட்ட வடிவம் ஒன்று. 12 ஆண்டுகள் கழித்து 1863இல் ஒரு வெள்ளை மாது எழுதிய வடிவம் மற்றொன்று. பின்னதுதான் புகழடைந்தது. நியூயோர்க் மாநிலத்தில் டச்சு மொழி பேசி வளர்ந்த அவருக்குத் தென்மாநிலத்து அடிமைகளின் கொச்சையை அது ஏற்றிவிட்டது. குரலைத் தாளில் ஏற்றும் கைக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மீனாட்சி அம்மையார் இந்த வகையிற் பேறு பெற்றவர். தம் பாடலைத் தாமே நூலாக்கித் தம் பெயரில் வெளியிடும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. அந்த வாய்ப்பு இல்லாத ஆயிரம் ஆயிரம் பெண்களின் பாட்டு என்னவாயிற்று?

அதற்கு விடை தேட நாம் மலையகம் வரை செல்ல வேண்டியதில்லை. மட்டக்களப்பின் நாட்டுக் கவிகள் தமிழுலகம் அறிந்த செல்வம். வித்துவான் வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' முதலாக, நம் வாய்மொழிப் பாடல்களைப் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். அவர்கள் செய்த தொண்டு பெரிது. எனினும் இத்தகைய தொகுப்புகளிற் பொதுவாகக் 'காதலி கூற்று', 'தாய் கூற்று' என்று தலைப்பு இருக்கும்; கவியைக் கட்டிய பெண்ணின் பெயர் இராது; ஊர் இராது; எந்தத் துயரில் அவள் அதைக் கட்டினாள் என்ற குறிப்பும் இராது. 'நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் இல்லை' என்ற கோட்பாட்டை நாமும் பல்கலைக்கழகத்திற் படித்தோம், தேர்வில் எழுதினோம். ஆனால் ஆசிரியர் இல்லாமற் பாட்டுப் பிறக்குமா? ஆசிரியை இருந்தாள்; கேட்டு எழுதுவாரில்லை என்பதே உண்மை.

நம் வகுப்பறைகளிலும் இதே நிலையைக் காண்கிறோம். மாரிக் காலத்திலே புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மூடும்போது தோணியேறியும் உழவு இயந்திரத்தில் தொற்றியும் கிரானுக்கு வரும் படுவான்கரைப் பிள்ளைகளிற் சிலர், அம்மம்மாவிடம் கேட்ட கவிகளைப் பத்து இருபது என்று தடையின்றிச் சொல்வார்கள். 'உனக்குத் தெரிந்த கவிதை ஒன்று சொல்' என்று கேட்டால் மட்டும் அந்தப் பிள்ளை தலைகுனிந்து நிற்கும். தனக்குத் தெரிந்தது கவிதை என்று அதற்கு எவரும் சொன்னதில்லை. பெண்குழந்தையின் நாவிலிருப்பதை இலக்கியம் அன்று என்று கற்பித்துவிட்டு, 'நம் பெண்கள் ஏன் எழுதுவதில்லை?' என்று கருத்தரங்கு நடத்துகிறோம்.

மீனாட்சி அம்மையாரின் காலத்திற்குப் பின் நிகழ்ந்தவற்றையும் சுருங்க நோக்கலாம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் தோட்டங்களிற் சமகூலி 1984இலேதான் வந்தது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. அதாவது, அந்த 1940ஆம் ஆண்டு நூலின் தலைப்பிலே குறிக்கப்பட்ட 'நிலைமை' சட்டத்தில் மட்டும் சீராவதற்கே 63 ஆண்டுகள் சென்றன. பாடல்கள் காலாவதியாகிவிட்டன என்று கூறுவோர் இந்தக் கணக்கையும் பார்த்தல் நலம்.

1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து 'சொல்லாத சேதிகள்' என்ற பெண் கவிஞர்களின் தொகுப்பு வெளிவந்தது. ஈழத்துத் தமிழ்ப் பெண்ணியக் கவிதைக்கு அது ஒரு திருப்புமுனை. தலைப்பைக் கவனியுங்கள்: எழுதாத சேதிகள் என்றில்லை, சொல்லாத சேதிகள். எழுத்தறிந்த பெண்களுக்கும் தீராத தாகம் சொல்வதிலேதான் இருந்தது. அக்கவிதைகள் பெண்ணின் அகத்தை, அவள் உடலை, போர்க்காலத்து அச்சத்தைத் தன்மையிடத்தில் நின்று பேசின. மீனாட்சி அம்மையாரின் நூற்றலைப்பிலே காணாத 'நான் பெண்' என்ற குரல் அவற்றிலே வெளிப்பட்டது. அதே வேளையில், அம்மையாரின் பாடலுக்கு வாய்த்திருந்த எழுத்தறியாத பெருங்கூட்டம் அக்கவிதைகளுக்கு எளிதில் வாய்க்கவில்லை. ஒன்றின் நிறைவு மற்றொன்றின் குறை. இவ்விரண்டையும் இணைக்கும் பணியே இன்றைய உரைகவிதைக்காரரை எதிர்நோக்கியிருக்கிறது. மட்டக்களப்பிலே சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்ற அமைப்புகள் பாட்டையும் நாடகத்தையும் பெண்களின் கையிற் கொடுத்து ஆற்றிவரும் பணி இத்திசையிற் செல்கிறது.

ஆயினும் நம் காலத்தின் மிக வலிய உரைகவிதை கலையரங்குகளில் எழவில்லை. 1990ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் கிழக்கு மாகாணத்திலே பிள்ளைகளையும் கணவரையும் காணாமற் போகக் கொடுத்த பெண்கள், புகைப்படத்தை நெஞ்சோடணைத்து வீதியில் நின்று அரற்றுவதை நாம் கண்டிருக்கிறோம். ஒப்பாரியின் ஓசையிலே தொடங்கும் அவ்வரற்றல், 'என் பிள்ளை எங்கே, யார் கொண்டு சென்றது, யார் விடை சொல்வது' என்ற கேள்விகளாக மாறுகிறது. ஒப்பாரி இறந்தவர்க்கு உரியது. இறந்தாரா இருக்கிறாரா என்று அறியாத ஒருவர்க்கு மரபில் ஒப்பாரி இல்லை. அந்தத் தாய்மார் மரபிலே இல்லாத ஒரு பாடல்வகையைத் தம் வயிற்றெரிச்சலிலிருந்து படைத்துள்ளனர். வீட்டு முற்றத்துப் புலம்பலை வீதியின் வழக்குரையாக்கினர். மீனாட்சி அம்மையார் அட்டன் மேடையில் எடுத்து வைத்த அதே படி இது. பத்திரிகைகள் இதனைக் 'கதறல்' என்று ஒரு சொல்லில் எழுதி முடிக்கின்றன. திறனாய்வோ அதையும் எழுதுவதில்லை.

அத்தாய்மாரிற் பலர் முதுமையடைந்துவிட்டனர்; சிலர் விடை காணாமலே கண்மூடினர். அவர்களோடு அவர்கள் கட்டிய பாட்டும் மண்ணுக்குட் போகிறது. இதனைத் தடுக்க மாநாடு வேண்டியதில்லை, பெருநிதியும் வேண்டியதில்லை. இன்று மாணவர் கையிலுள்ள தொலைபேசியே குரலைப் பதியும் கருவி. தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் மாணவரை வீட்டுக்கு அனுப்பி, அம்மம்மாவின் கவியையும் பெரியம்மாவின் ஒப்பாரியையும் அவர்தம் இசைவோடு பதியச் செய்யலாம். பதியும்போது அவர் விரும்பினால் பெயரையும் ஊரையும், எந்த ஆண்டு எந்தத் துயரிற் கட்டியது என்பதையும் சேர்த்தெழுத வேண்டும். சொல்லைத் திருத்தக் கூடாது. கொச்சை என்று மாற்றக் கூடாது. அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்த வேண்டும். பெயர் வேண்டாம் என்று அவர் சொன்னால் அதற்கும் கட்டுப்பட வேண்டும்.

தம் பாட்டுக்குத் தம் பெயரை இட்டு அச்சேற்றிய மீனாட்சி அம்மையாரை நாம் கவிஞர் என்று ஏற்பது அவருக்குச் செய்யும் சலுகையன்று. அவரை ஏற்காத அளவுகோலால் கிரானின் ஒரு மூதாட்டியையும் அளக்க முடியாது. அளவுகோலை மாற்றினால் இருவரும் நம் இலக்கியத்திற்குள் வருவார்கள். அவர்களோடு நாம் இதுவரை கேளாத ஒரு பெருங்கூட்டமும் வரும். அந்தக் கூட்டத்துக்கு இடம் விடுவதே முற்போக்கு இலக்கியம் என்ற பெயருக்கு நாம் காட்டும் நேர்மை.